வியாழக்கிழமைப் பல்வலி

அவன் எழுந்தான். பல் துலக்கினான். பாலை அடுப்பில் வைத்து, பொங்குவதற்குள் அணைத்தான். சட்டைக்கு இஸ்திரி போட்டான், முன்பக்கம் மட்டும். முதுகை யார் பார்க்கப் போகிறார்கள். ஜன்னலைத் திறந்தான். பழைய துணியை எடுத்து டி.வி. அலமாரியைத் துடைத்தான். அவள் தினமும் துடைப்பாள். அதனால் அவனும் துடைத்தான்.

அலமாரியின் கீழ்த்தட்டில் அவளுடைய வீடியோ கேம் பெட்டி இருந்தது. பழைய மாடல். சாம்பல் நிறம். மேல்மூடியைத் தூக்கி டிஸ்க் வைக்கிற வகை. கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்தபோது மற்ற சாமான்களெல்லாம் வண்டியில் வந்தன. இந்தப் பெட்டி அவள் மடியில் வந்தது. அவள் போன பிறகு அவன் அதன் மேல் தூசியைத் துடைத்திருக்கிறான், தூக்கிப் பார்த்ததில்லை.

இன்று துணியின் நூல் ஒன்று பெட்டியின் அடிமூலையில் மாட்டிக்கொண்டது. இழுத்தான். மூலை லேசாக வாயைத் திறந்தது.

கவிழ்த்துப் பார்த்தான். அடியில் இருந்த ரப்பர் கால்களில் ஒன்று கோணலாக ஒட்டியிருந்தது. விரலால் நெம்பினான். கீழே ஒரு திருகாணி. அதன் தலையை எலி கொறித்த மாதிரி இருந்தது. பாதிவரைக்கும்தான் இறங்கியிருந்தது.

யாரோ திறந்திருக்கிறார்கள். திறந்தவர் சரியாக மூடவில்லை.

அவன் துப்பறியும் நிறுவனம் நடத்துகிறவன். பலகையில் அப்படித்தான் எழுதியிருக்கிறது. கொலை, கொள்ளை எல்லாம் அந்தப் படியேறி வருவதில்லை. சந்தேகம் வரும். மனைவிமேல் கணவனுக்கு, கணவன்மேல் மனைவிக்கு. வாரத்தில் ஒரே கிழமை வெளியே போகிறார்களா, சொல்கிற காரணம் பொய்யா, புதிதாக ஏதாவது அலங்காரச் சாமான் வாங்கியிருக்கிறார்களா என்று பார்ப்பான். மூன்றும் சேர்ந்தால் வந்தவரை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து மெதுவாகச் சொல்வான். இதுவரை தப்பியதில்லை.

அவன் மனைவி வியாழக்கிழமைதோறும் பல் டாக்டரிடம் போனாள். ஒருநாள் பஸ் நிறுத்தத்தில் மயங்கி விழுந்தாள். மூளையில் ஒரு ரத்தக்குழாய், எப்போது வேண்டுமானாலும் நடந்திருக்கும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அவள் கைப்பையைக் கொடுத்தார்கள். சாவி, போன், பர்ஸ், ஒரு நகப்பூச்சு பாட்டில். கருஞ்சிவப்பு. அவள் நகத்தைக் கடிக்கிறவள். பூசிக்கொள்ள நகமே கிடையாது. காரியமெல்லாம் முடிந்த பிறகு பல் டாக்டரின் கிளினிக்கிலிருந்து போன் வந்தது. ஒரே ஒரு தடவை வந்தாங்க, அப்புறம் ஆளையே காணோமே, பல் எப்படி இருக்கு என்று ஒரு பெண் அக்கறையாகக் கேட்டாள்.

அவன் யாரிடமும் சொல்லவில்லை. நகப்பூச்சை ஆபீஸ் மேஜை இழுப்பறையில் போட்டுப் பூட்டினான். அதன் பிறகு அவனுக்கு எதிலும் பெரிதாக எதுவும் தோன்றவில்லை.

பெட்டியைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு ஆபீஸுக்குக் கிளம்பினான்.

*

ஆபீஸில் உதவியாளன் காலை மேஜைமேல் தூக்கிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். உதவியாளன் என்றால் மைத்துனன். அவளுடைய தம்பி. வேறு எந்த ஆபீஸிலும் அவன் வாய்க்கு இடம் கிடைக்கவில்லை.

“வாங்க அத்தான். பையில என்ன, வெட்டின தலையா? அப்படியாவது ஒரு நல்ல கேஸ் வரட்டும்.”

அவன் பெட்டியை மேஜைமேல் வைத்தான். மைத்துனன் காலைக் கீழே இறக்கினான்.

“அக்காவோடது.”

“யாரோ திறந்திருக்காங்க.”

“இதையா? நான் ஒருதடவை மூடியைத் தொட்டதுக்கே மூணு மாசம் பேசாம இருந்தா. இதைத் திறக்கறதுக்கு எவனுக்கு தைரியம் வரும்?”

“அதான் கேள்வி.”

பேனா ஸ்டாண்டில் மஞ்சள் கைப்பிடி போட்ட சின்ன ஸ்க்ரூடிரைவர் ஒன்று எப்போதும் நிற்கும். அவன் அதை எடுத்தான். திருகாணித் தலைகள் சிதைந்திருந்தாலும் அதன் முனை அளவெடுத்த மாதிரி உட்கார்ந்தது. முதலில் மேல்மூடியைத் தூக்கினான். உள்ளே ஒரு டிஸ்க் இருந்தது. ஒருமுறை வேலையாக வெளிநாடு போனபோது பழைய சாமான் கடையில் பார்த்து அவள் பிறந்தநாளுக்கு வாங்கி வந்தது. சின்ன வயதில் அவளும் தம்பியும் விளையாடி, டிஸ்க் உடைந்து, பாதியில் நின்றுபோன ஆட்டம். ஓடிச்சா என்று இரண்டு நாள் கழித்துக் கேட்டான். சூப்பரா ஓடுது என்றாள். விசாரணை அதோடு முடிந்தது.

டிஸ்கை எடுத்து வைத்துவிட்டு அடிப்பலகையைக் கழற்றினான்.

பச்சை போர்டின் ஓரத்தில் எட்டுக் கால் வைத்த கறுப்புச் சில்லு ஒன்று ஒட்டியிருந்தது, பூச்சி மாதிரி. அதிலிருந்து தலைமுடி அளவு கம்பிகள் கிளம்பி போர்டின் பல இடங்களுக்குப் போயின. கம்பி தொடுகிற ஒவ்வொரு இடத்திலும் ஒரு கருஞ்சிவப்புப் பொட்டு.

“மோட் சிப்,” என்றான் மைத்துனன். “பெட்டி தயாரிச்சவன் கூடாதுன்னு பூட்டி வெச்சதை ஓடவைக்கிற சிப். அக்கா எதுக்குத் திருட்டு டிஸ்க் விளையாடப் போறா? பஸ்ல டிக்கெட் எடுக்க மறந்தாக்கூட அடுத்த நாள் எடுப்பாளே.”

அவன் இழுப்பறையைத் திறந்து நகப்பூச்சை எடுத்தான். மூடியைத் திருகி, தூரிகையைப் பொட்டுக்குப் பக்கத்தில் காட்டினான்.

ஒரே சிவப்பு.

“இது என்ன?”

“உன் அக்கா பையில இருந்தது.”

பிறகு வியாழக்கிழமைகளைச் சொன்னான். கிளினிக்கிலிருந்து வந்த போனைச் சொன்னான். கடைசி மாதங்களில் அவள் இடதுகை ஆட்காட்டி விரல்நுனியில் இருந்த சூட்டுக் காயத்தைச் சொன்னான். தோசைக்கல் என்றாளே, தோசைக்கல் அவ்வளவு சின்னதாகச் சுடாது. ரயில் நேரம் படிக்கிற குரலில் சொல்லி முடித்தான்.

மைத்துனன் நகப்பூச்சு பாட்டிலை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“எங்க அக்காவையா அத்தான்?”

“ஆமா.”

“இதைப் பூட்டி வெச்சுட்டுத்தானா இத்தனை நாளா என்கூட ஒரே டிபன் டப்பாவுல சாப்பிட்டீங்க?”

“ஆமா.”

“நல்லா இருங்க.” மைத்துனன் எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான். “சரி. கேஸ் எடுத்துக்கறோம். சந்தேகப்படற புருஷன் நீங்க. துப்பறியறவரும் நீங்களே, அது உங்க தலைவிதி. இந்தச் சிப்பை மாட்டினவனைப் பிடிப்போம். அவன் நெயில் பாலிஷ் போட்டுக்கிற மெக்கானிக்கா இருக்கணும். ஊர்ல அப்படி எத்தனை பேர் இருந்துடப் போறாங்க?”

அவன் ஸ்க்ரூடிரைவரைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டான்.

*

பழைய எலக்ட்ரானிக் சாமான் விற்கிற கட்டடத்தில் முதல் மாடி முழுக்க கேம் பெட்டிக் கடைகள். மூலைக்கடைக்காரருக்குத் தாடி நெஞ்சுவரை இருந்தது. பெட்டியின் வயிற்றைப் பார்த்ததும் அந்தத் தாடியை ஒருதரம் உருவிக்கொண்டார்.

“இதை நான் செஞ்சேன்னு யாராவது சொன்னாங்களா சார்?”

“இல்லை.”

“நல்லவேளை. கேஸ் போட்டிருப்பேன்.” பூதக்கண்ணாடியைப் பிடித்தார். “இது புதுக்கை. இதோ, முதல் கம்பி. ஈயத்தைப் பூசலை, துப்பியிருக்கு. அதுக்கு அடுத்தது பரவாயில்லை. இந்தக் கடைசிப் புள்ளி இருக்கு பாருங்க, இதை நான் வெச்சேன்னு வேணும்னா சொல்லிக்கலாம். ஒரே பெட்டியில கத்துக்குட்டியா ஆரம்பிச்சு மெக்கானிக்கா முடிஞ்சிருக்கு.”

“திருகாணி?” என்றான் அவன்.

“திறந்தது ஒழுங்கான ஸ்க்ரூடிரைவரால. அந்தத் தடம் அடியில இருக்கு. மூடினது அதால இல்லை. மேல ஒரே பக்கமா பிராண்டியிருக்கு பாருங்க, கத்தி முனை. சமையல்கட்டுக் கத்தி. தொழில் தெரிஞ்சவன் பசியில செத்தாலும் கத்தியால திருகமாட்டான்.”

“திறக்கும்போது இருந்த ஸ்க்ரூடிரைவர் மூடும்போது எங்க போச்சு?” என்றான் மைத்துனன். “காக்கா தூக்கிட்டுப் போச்சா?”

தாடிக்காரர் அதற்குள் சில்லின் பக்கம் போயிருந்தார். “விசித்திரம் அது இல்லை தம்பி. சிப்பு. சாதாரண சிப்புக்கு நாலஞ்சு கம்பி போதும். காப்பி அடிச்ச டிஸ்க்கெல்லாம் ஓடும். பத்து நிமிஷ வேலை, எல்லாரும் அதான் கேப்பாங்க. இது வேற. நாள்கணக்கில இழுக்கற வேலை. வேற நாட்டுக்குன்னு தயாரிச்ச டிஸ்கை இந்த நாட்டுப் பெட்டியில ஓடவைக்கும். சில ஆட்டம் உள்ள சிப்பு இருக்கான்னு மோப்பம் பிடிச்சுப் பார்த்து நின்னுடும். அதனால இது வாசல்ல டிஸ்கை உள்ள விட்டதும் தூங்கிடும். காப்பி டிஸ்க் போடறவனுக்கு இது தேவையே இல்லை. ஒரிஜினல் வெச்சிருக்கவனுக்குத்தான் இவ்வளவு தலைவலி.”

அவன் பையிலிருந்து டிஸ்கை எடுத்து நீட்டினான். தாடிக்காரர் அதன் நடுவளையத்தில் இருந்த புரியாத எழுத்துகளைப் பார்த்தார்.

“இதுதான். சிப்பு இல்லாம இந்தப் பெட்டியில இது ஓடாது.”

“ஓடிச்சு.”

“ஓடியிருக்காது சார். கறுப்புத் திரைதான் வரும்.”

“ஓடிச்சுன்னு சொன்னாங்க.”

“சொல்லலாம். வாய் நம்மளோடது.” டிஸ்கைத் திருப்பிக் கொடுத்தார். “இந்தச் சிப்பை இங்க ஒருத்தங்கதான் வரவழைக்கறாங்க. மாடிப்படிக்குக் கீழ, புகையக்கா. ஆனா அவங்க கை இது இல்லை. அவங்க வெச்சா தங்கம் மாதிரி இருக்கும். அதைச் சொல்லிடாதீங்க, தலைகால் புரியாம ஆடுவாங்க.”

படி இறங்கும்போது மைத்துனன் சொன்னான்: “அத்தான், நீங்க வாங்கிக் குடுத்த டிஸ்க்கே தப்பு நாட்டு டிஸ்க்.”

“கேட்டுச்சு.”

“கடையில ஒருதரம் கேட்டு வாங்கியிருக்கலாம். துப்பறியறவர் பாருங்க, கேள்வி கேக்கத் தெரியலை.”

*

படிக்குக் கீழே குனிந்து போக வேண்டிய கடை. ஈயப் புகை மூக்கில் ஏறியது. நாற்பது வயதுப் பெண் ஒருத்தி கண்ணாடியை நெற்றிமேல் ஏற்றிக்கொண்டு போர்டு ஒன்றைச் சுட்டுக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“ரிப்பேர்னா வெச்சுட்டுப் போங்க. பேச்சுனா நேரமில்லை.”

மைத்துனன் பெட்டியை முன்னால் வைத்தான். “இதைச் செஞ்சது யாருக்கா? சொன்னீங்கன்னா அந்தக் கையில ஒரு முத்தம் குடுக்கணும். இல்லைன்னா ஒரு அறை. அது நீங்க சொல்றதைப் பொறுத்து.”

புகையக்கா உள்ளே பார்த்தாள். ஒரு நொடிதான். முகம் அசையவில்லை. அசையாத முகங்கள் அவனுக்குத் தொழில்.

“என்கிட்ட வர்றவங்க விஷயத்தை வெளியில சொல்ற வழக்கமில்லை.”

“சரி,” என்றான் அவன். கேள்வி கேட்கவில்லை. மேஜையைப் பார்த்தான்.

மேஜை ஓரத்தில் நகப்பூச்சு பாட்டில்கள் வரிசையாக நின்றன. நீலம், பச்சை, ரோஸ். புகையக்காவின் நகங்களில் ஒரு நிறமும் இல்லை. அவள் சுட்டு முடித்த புள்ளிமேல் பச்சையை எடுத்து ஒரு தொடு தொட்டு ஊதினாள். கம்பி ஆடாது. பக்கத்துக் கம்பியோடு ஒட்டாது. அவ்வளவுதான் அதன் வேலை.

அவன் நின்றுகொண்டே இருந்தான். மூன்று அடையாளங்களில் ஒன்று கையைவிட்டு உதிர்ந்தது. உதிர்ந்த சத்தம்கூடக் கேட்கவில்லை.

சுவரில் செத்த போர்டு ஒன்று ஆணியில் தொங்கியது. அதன்மேல் வரிசை வரிசையாக ஈயப் புள்ளிகள். மேல்வரிசை எச்சில் மாதிரி. கீழே வரவர உருண்டை, மினுமினுப்பு. பக்கத்தில் கறுத்த விரல்ரேகை ஒன்று, இடதுகை ஆட்காட்டி விரல். யாரோ ஈயத்தைத் தொட்டுப் பார்த்திருக்கிறார்கள். அவள் எதையும் தொட்டுப் பார்ப்பாள். இஸ்திரிப் பெட்டி சூடா என்றுகூட.

“அவ உங்ககிட்ட மாட்டித் தரச் சொல்லலை,” என்றான் அவன். “கத்துத் தரச் சொன்னா. வியாழக்கிழமைகள்ல.”

புகையக்கா கண்ணாடியை இறக்கினாள். முதல்தடவையாக அவனைப் பார்த்தாள். சட்டையின் முன்பக்கத்தை, கசங்கிய தோள்களை.

“நீங்கதானா அந்த வீட்டுக்காரர்?”

“ஆமா.”

“கண்டுபிடிக்க மாட்டார்னு பந்தயம் கட்டினா.” ஈயம் உருக்கும் அயர்னை அதன் தாங்கியில் செருகினாள். “ரெண்டு சிப்பு காட்டினேன். லேசானது, கஷ்டமானது. லேசானதை எடுத்துக்கோம்மா, நான் மாட்டித் தரேன், காப்பி டிஸ்க் வாங்கிப் போட்டுக்கோன்னேன். இல்லைக்கா, அவர் வாங்கிட்டு வந்த டிஸ்க்தான் ஓடணும்னா. ஓடுதுன்னு பொய் சொல்லிட்டேன், இப்போ ஓடவெச்சுத்தான் ஆகணும்னா. நானே மாட்டிடறேன்னேன். அதுக்கும் மாட்டேன்னா. அவர் துப்பறியறவரு, கடையில குடுத்தா ரெண்டு நாள் பெட்டி வீட்ல இருக்காது, கேப்பாருன்னா.”

“கேட்டிருப்பாரா?” என்றான் மைத்துனன்.

“நானும் அதான் கேட்டேன். யோசிச்சுட்டு, கேக்கமாட்டாருக்கா, இருந்தாலும்னா.”

மைத்துனன் சிரித்தான். சிரித்துக்கொண்டே முகத்தைப் படிக்கட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

“கடைசியா ஒருநாள் மதியம் போன் பண்ணினா,” என்றாள் புகையக்கா. “ஓடிடுச்சுக்கான்னு ஒரே கூச்சல். பெட்டியை மூடிட்டு வரேன், என் நெயில் பாலிஷைத் திருப்பித் தரேன்னா. வரலை. காரியம் ஆனதும் மறந்துட்டான்னு நெனச்சேன். என் பழைய அயர்ன் ஒண்ணும் அவகிட்ட இருக்கு.” அவர்கள் இருவர் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தாள். “ஏன் அவ வரலை?”

“வர முடியலை,” என்றான் அவன்.

புகையக்கா மெதுவாகத் தலையாட்டினாள். அவன் பையிலிருந்து கருஞ்சிவப்பு பாட்டிலை எடுத்து, நீலத்துக்கும் பச்சைக்கும் நடுவில் இருந்த இடைவெளியில் வைத்தான். சரியாகப் பொருந்தியது.

பிறகு அவள் பெட்டிக்கு மின்சாரம் கொடுத்தாள். டிஸ்கை வைத்தாள். சுவரோரம் இருந்த குட்டித் திரை கறுப்பாக இருந்தது. கறுப்பாகவே இருந்தது. டிஸ்க் சுற்றும் சத்தம் வந்தது. திரையில் புரியாத எழுத்துகள் வந்தன. பின்னால் ஒரு நீலமலை, அதன்மேல் ஒரு பாலம், அற்பமான ஒரு பாட்டு.

“இதான், இதேதான்!” என்றான் மைத்துனன். “இந்தப் பாலத்துல அக்கா என்னைத் தள்ளிவிட்டுட்டு அவ மட்டும் ஓடுவா அத்தான். நான் அழுதா, உசிரு இன்னும் ரெண்டு இருக்குடா, சும்மா இருன்னுவா.”

இருவரும் அவன் முகத்தைப் பார்த்தார்கள். அவனுக்கு ஏதாவது தோன்றும் என்று காத்திருந்தார்கள். அவனும் காத்திருந்தான். பாட்டு திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்தது.

“போதும்,” என்றான்.

புகையக்கா அணைத்தாள். அடிப்பலகையைப் பொருத்திவிட்டு, இனிமேலாவது ஒழுங்காக மூடுவோம் என்று மேஜையைத் துழாவினாள். அவன் சட்டைப்பையிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்து நீட்டினான்.

அவள் அதை வாங்கினாள். திருகவில்லை. மஞ்சள் கைப்பிடியின் அடியைத் திருப்பிப் பார்த்தாள். அங்கே அயர்னால் சுட்ட ஒரு புள்ளி இருந்தது.

“இது என் கடையோடது. என் எல்லா சாமானுக்கும் இந்தச் சூடு உண்டு. இதை அவளுக்குத்தான் குடுத்தேன். இந்தப் பெட்டிக்குன்னே.”

“இது எங்க ஆபீஸ் பேனா ஸ்டாண்டுல இருந்ததுக்கா,” என்றான் மைத்துனன். சொல்லிவிட்டு மெதுவாகத் திரும்பினான். “அத்தான்?”

“கேமரா மூடி லூசா இருந்தது. அவ விழுந்த அன்னைக்குக் காலையில இது சமையல்கட்டு அலமாரியில கிடந்தது. எடுத்துட்டு வந்தேன்.”

“காக்கா,” என்றான் மைத்துனன்.

புகையக்கா திருகாணிகளை ஒவ்வொன்றாக இறக்கினாள். சிதைந்த தலைகள் முரண்டு பிடித்தன. கடைசித் திருகாணியும் இறங்கிய பிறகு ரப்பர் காலை அதன்மேல் வைத்து அழுத்தினாள். மூலை வாயை மூடிக்கொண்டது.

*

வெளியே வெயில். இருவரும் பஸ் நிறுத்தத்தைத் தாண்டி நடந்தார்கள். பெட்டி மைத்துனன் கையில் இருந்தது. கைக்குழந்தை மாதிரி அணைத்துப் பிடித்திருந்தான்.

“கேஸ் முடிஞ்சுது அத்தான். ஆளு அகப்பட்டாச்சு. உங்க மனைவியைக் கூட்டிட்டுப் போனவன் நீங்கதான்.”

“ம்.”

“ஒண்ணு மட்டும் பாக்கி. அம்மா கேட்டப்போ, அக்கா கடைசியா போன்ல ‘அம்மாவைப் பார்த்துக்கோங்க’ன்னு சொன்னதாச் சொன்னீங்க. அம்மா அதை வர்றவங்க போறவங்ககிட்டயெல்லாம் சொல்லி அழுதுட்டிருக்காங்க. அக்கா அப்படிப் பேசற ஆளா? அம்மா வராங்கன்னா பின்வாசல் வழியா ஓடறவ. அன்னைக்கே தெரியும் எனக்கு. கேக்கலை.” மைத்துனன் நின்றான். “நிஜமா என்ன சொன்னா?”

அவன் அதை யாரிடமும் சொன்னதில்லை. சொல்லக்கூடிய வாக்கியமாக அது இருக்கவில்லை. நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒரு தாயிடம் அதைச் சொல்ல முடியாது. அவனுக்கே அதற்கு அர்த்தம் தெரியாமல் இருந்தது. இழுப்பறையைப் பூட்டியபோது அந்த வாக்கியத்தையும் சேர்த்துத்தான் பூட்டினான்.

அன்று மதியம் அவன் ஒரு வீட்டு வாசலைக் காரிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தான். யாரோ ஒருவருடைய மனைவி வெளியே வருவதற்காக. போன் வந்தது. அவள் குரலில் மூச்சு வாங்கியது, எதையோ ஓடிப்போய்ச் செய்துவிட்டு வந்தவள் மாதிரி. மஞ்சக் கைப்பிடி ஸ்க்ரூடிரைவரைப் பாத்தீங்களா என்று கேட்டாள். அவன் வாசலிலிருந்து கண்ணை எடுக்காமல், பாக்கலை, வேலையில இருக்கேன் என்றான். அது அவன் சட்டைப்பையில் இருந்தது.

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. சிரிப்பை அடக்குகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. பிறகு சொன்னாள்:

“சரி விடுங்க. கத்தி இருக்கு.”